சொந்தப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை

இராசமலருக்குப் படிப்பில் ஆசை வந்தது முப்பத்தொன்பதாவது வயதில். ஆசை என்பதைவிடக் கோபம் என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

பதினாறு வருடங்களாக அவள் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரச அலுவலகத்தில் பியோன். கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோவாள். பத்து மணிக்குத் தேநீர் வைப்பாள். எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் எத்தனை வருடமாகத் தூங்குகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்த வருடத் தொடக்கத்தில் எழுத்து வேலைக்குப் புதிதாக வந்த இளம் கிளாக் ஒருவன் ஒரு கடிதத்தில் 'பணிப்பாளர்' என்பதைப் 'பனிப்பாளர்' என்று எழுதியிருந்தான். திருகோணமலை வெயிலில் பனிக்கு என்ன வேலை? இராசமலர் அவனருகே போய் மெதுவாகச் சுட்டிக்காட்டினாள்.

"அக்கா, நீங்க தேத்தண்ணியைப் பாருங்கோ," என்றான் அவன்.

கடிதம் அப்படியே மேலே போனது. பணிப்பாளரும் 'பனிப்பாளர்' என்பதன்மேல் கையெழுத்து வைத்து அனுப்பினார்.

அன்று மாலையே இராசமலர் சுற்றுநிருபக் கோப்பைத் தேடி எடுத்தாள். அலுவலகத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள் கிளாக் பதவிக்குப் போவதற்கென்று ஒரு போட்டிப் பரீட்சை உண்டு. மொழித்திறன் ஒரு தாள், கணக்கும் எண்தொடருமாக உளச்சார்பு ஒரு தாள். வயதெல்லை கிடையாது. பரீட்சை நவம்பரில். நகரத்துப் புத்தகக் கடையில் சிவப்பு அட்டை போட்ட பரீட்சை வழிகாட்டி ஒன்று கடைசிப் பிரதியாகக் கிடந்தது. அதை வாங்கி, முதல் பக்கத்தில் பெயரெழுதி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் ஒரு பக்கமும் படிக்க முடியவில்லை. கணவன் சின்னராசா வீட்டு முன்பக்கத்தில் இரும்புப் பட்டறை வைத்திருந்தான். வாசல் கேட்டும் ஜன்னல் கிறில்லும் செய்து கொடுப்பான். இரும்பு வெட்டும் கிறைண்டர் ஓடினால் குசினியில் சட்டி தானாக நகரும். "கொஞ்சம் நிப்பாட்டுங்கோவன்" என்று இவள் சொன்னால், "என்ன?" என்று கேட்பதற்காக அவன் கிறைண்டரை நிறுத்துவான், கேட்டுவிட்டு மறுபடி போடுவான். ஆகவே அவள் நூலகத்துக்குப் போகத் தீர்மானித்தாள்.

அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சிறிய கிளை நூலகம் இருந்தது. பழைய பங்களா, ஒரே ஒரு மண்டபம், நீளமான மேசை ஒன்று, பதினெட்டுக் கதிரைகள், நான்கு மின்விசிறிகள், உள்துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல்கள். பதினெட்டுக் கதிரைகளில் மூன்றில்தான் ஆள் இருந்தது. மூவரும் ஓய்வூதியக்காரர்கள். ஒருவர் பத்திரிகையில் மரண அறிவித்தல்களைச் சத்தமாக வாசித்தார், இரண்டாமவர் இறந்தவர் எந்த வழியில் யாருக்குச் சொந்தம் என்று விளக்கினார், மூன்றாமவர் நித்திரை. 'அமைதி காக்கவும்' என்ற பலகையின் கீழே அமர்ந்து நூலகப் பொறுப்பாளர் பாக்கியரத்தினம் கைபேசியில் யாருடனோ சீமெந்து பற்றி உரத்துக் கதைத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, பைக்குள் இரண்டு பேனை.

"கையில என்ன?" என்று கைபேசியை மறைத்துக்கொண்டு கேட்டார்.

"புத்தகம், சேர்."

"புத்தகத்தோட உள்ளுக்குப் போக ஏலாது."

இராசமலர் தான் வந்தது நூலகம்தானா என்று வாசற் பலகையை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க எங்கட புத்தகத்தைத்தான் வாசிக்க வேணும், தங்கச்சி. நீங்க உங்கட புத்தகத்தோட வந்தா, போகேக்க எது உங்கட, எது எங்கட எண்டு நான் எப்பிடிப் பிரிக்கிறது?"

"என்ர புத்தகத்தில என்ர பேர் இருக்கு. உங்கட புத்தகத்தில உங்கட சீல் இருக்கும்தானே?"

பாக்கியரத்தினம் இதை இதற்குமுன் யோசித்ததில்லை போலும். மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். "அது சரி. ஆனா விதி இருக்கு," என்றார்.

புத்தகத்தை அவர் மேசையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போய், நூலகத்தின் சொந்தப் பரீட்சை வழிகாட்டியைத் தேடினாள். ஒன்று இருந்தது. அவள் ஐந்தாம் வகுப்பில் படித்த காலத்தில் அச்சானது. ஒரு துயரச் செய்தியைப் பன்னிரண்டு சொற்களுக்கு மேற்படாமல் தந்தியாக எழுதுவது எப்படி என்று அதில் ஒரு முழு அத்தியாயம். இராசமலர் அதையும் விடாமல் படித்தாள். மூன்று மாலைகளில், பரீட்சையில் தந்தி கேட்டால் தன்னை வெல்ல ஆளில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டாள். ஆனால் நாட்டில் தந்தியை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன.

நாலாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. பதினாறு வருடம் கோப்பு சுமந்த ஒருத்திக்குத்தான் அப்படித் தோன்றும். தன் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது. நூலகத்தின் புத்தகத்தை வாசிக்கலாம். அப்படியானால் தன் புத்தகம் நூலகத்தின் புத்தகமாகிவிட்டால்?

"சேர், நான் இதை நூலகத்துக்கு அன்பளிப்பாத் தாறன்."

பாக்கியரத்தினத்தின் முகம் மலர்ந்தது. அந்தக் கிளைக்கு அன்பளிப்பு வந்து ஒன்பது வருடமாம். மேசையின் அடி லாச்சியிலிருந்து ஒரு படிவம் எடுத்துத் தூசி தட்டினார். மூன்று பிரதி. இராசமலர் அழகான கையெழுத்தில் மூன்றையும் நிரப்பினாள். அவர் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் புத்தகத்தை வாங்கி, நன்றி சொல்லி, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இப்ப நான் அதை வாசிக்கலாமோ, சேர்?"

"எப்பிடி? பதிவு முடிய வேணுமே. தலைமை நூலகத்துக்குப் போய், இலக்கம் போட்டு, சீல் அடிச்சு வரும்."

"எவ்வளவு நாள்?"

"போன முறை கெதியா வந்திட்டுது. ஒண்டரை வருசம்."

இராசமலர் கையை நீட்டினாள். "அப்ப திருப்பித் தாங்கோ, சேர். பரீட்சை முடியப் பேந்து தாறன்."

"அன்பளிப்பைத் திருப்பிக் குடுக்கிறதுக்குப் படிவம் இல்லையே, தங்கச்சி," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

கடையில் மறுபதிப்பு வரவில்லை. அடுத்த நாள் அவள் உள்ளே போய் அலுமாரிக்கு எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சிவப்பு அட்டையை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

வெளியே வரும்போது சைக்கிள் கொட்டகையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, உங்களையும் வெளியில போட்டாச்சா?"

ஜுமானா கிண்ணியாவிலிருந்து வருகிற பிள்ளை. உயர்தரம் கணிதப் பிரிவில் மூன்றாம் முறை எழுதப்போகிறாள். நகரத்தில் காலையில் ஒரு ரியூசன், பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு ரியூசன். இடைப்பட்ட நேரத்துக்குப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போய் வருவது வீண் என்று நூலகத்துக்கு வந்தவள். அவளுடைய குறிப்புக் கொப்பிகளும் சொந்தப் புத்தகங்கள் என்ற வகைக்குள் அடங்கிவிட்டதால், கொட்டகையின் குட்டைச் சீமெந்துச் சுவரில் உட்கார்ந்து கணக்குச் செய்தாள். அவளைப் போல் இன்னும் ஐந்து பேர் அங்கே இருந்தார்கள். உள்ளே நாலு மின்விசிறிக்கு மூன்று பேர். வெளியே ஏழு பேருக்கு ஒரு தகரக் கூரை.

இராசமலரின் கதையைக் கேட்டு ஜுமானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாஹ்! வாசிக்கிறதுக்காகக் குடுத்தீங்களா? அக்கா, நீங்க கணக்கில பலமா, பலயீனமா?"

"கணக்கெண்டா எனக்கு நெஞ்சு படபடக்கும், பிள்ளை."

"எனக்குக் கட்டுரை எண்டாப் படபடக்கும். பொதுப் பரீட்சையில அதுதான் ஒவ்வொரு தரமும் காலை வாருது. வாங்க, மாத்திக்குவம்."

அப்படி ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. ஜுமானா தன் மச்சியிடமிருந்து பழைய வினாத்தாள்களின் பிரதிகளை வாங்கிவந்து, விகிதமும் வீதமும் எண்தொடரும் கற்றுக்கொடுத்தாள். இராசமலர் வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று அவளுக்குக் காட்டினாள். அந்த நகரத்தில் மாடுகளைப்போல வீதியில் திரியும் மான்கள் அவ்வப்போது கொட்டகைக்குள் வரும். அவற்றுக்கு மட்டும் எந்த மண்டபத்திலும் தடையில்லை. ஒருநாள் ஒரு கலைமான் நிதானமாக வந்து நின்று, 2019ஆம் ஆண்டு உளச்சார்புத் தாளின் கடைசி இரண்டு பக்கங்களைத் தின்றது. அந்த ஆண்டின் கடைசிப் பத்துக் கேள்விகள் என்னவென்று இராசமலருக்கு இன்றுவரை தெரியாது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாக்கியரத்தினமே கொட்டகைக்கு வந்தார். கையில் வரவுப் பதிவேடு.

"எல்லாரும் உள்ளுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டிட்டுப் போங்கோ," என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஏன், சேர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். நூலகத்தை நடத்தும் சபைக்குக் காலாண்டு அறிக்கை போகவேண்டும். நாளொன்றுக்கு வாசகர் தொகை மூன்று என்று போனால், இந்தக் கிளை தேவைதானா என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் எழுதவேண்டும்.

இராசமலர் பேனையை மூடினாள். எண்ணிக்கை என்று வந்துவிட்டால் ஓர் அலுவலகம் எவ்வளவு பணிவாகும் என்பதை அவளைப்போல் அறிந்தவர் அந்தக் கொட்டகையில் இல்லை. "அப்ப நாங்க வாசகரோ, சேர்?"

"கையெழுத்துக்கு வாசகர்."

"புத்தகத்தோட உள்ளுக்கு இருக்க?"

"அதுக்கு இல்லை."

"அப்ப குடிக்கத் தண்ணியும் ஏழு பேரும் இருக்கிறதுக்கு ஒரு மர வாங்கும் தாங்கோ. நாங்க ஒவ்வொரு நாளும் கையெழுத்துப் போடுறம்."

அவர் தலையைச் சொறிந்தார். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டதாக ஏட்டில் எழுதப்பட்ட வாங்கு ஒன்று பின்புறத்தில் கிடந்தது. ஏட்டின்படி இல்லாத பொருள் என்பதால் அதை எங்கே போட்டாலும் விதி மீறாது. அன்றிலிருந்து ஏழு பேரும் உள்ளே போய், 'வருகையின் நோக்கம்: வாசிப்பு' என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, வாசிப்பதற்கு வெளியே வந்தார்கள். காலாண்டு அறிக்கையில் வாசகர் தொகை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. சபையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பாக்கியரத்தினம் அதைச் சட்டம் போட்டு 'அமைதி காக்கவும்' பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அக்டோபரில் வாசற்கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டு வாசகசாலை பதினைந்து நாட்களுக்கு மூடப்பட்டிருக்கும்.' விழாவுக்கு நிறம் பூசுகிறார்களாம். கொட்டகையும் போயிற்று, விருந்தினருக்குத் தேநீர் கொடுக்க அங்கே பந்தல் போட்டுவிட்டார்கள். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த வாரமே இராசமலருக்கு ஒரு பதிவுத்தபால் வந்தது. வரவுப் பதிவேட்டின்படி ஐந்து மாதங்களில் தொண்ணூற்றிரண்டு தடவை வருகை தந்து முதலிடம் பெற்றமைக்காகவும், ஒன்பது வருடங்களின் பின் நூல் அன்பளிப்புச் செய்தமைக்காகவும், அவரை 'ஆண்டின் சிறந்த வாசகர்' எனக் கௌரவிக்கச் சபை தீர்மானித்திருக்கிறது.

சின்னராசா கடிதத்தை இரண்டுதரம் வாசித்தான். "உன்னை அங்க உள்ளுக்கு இருக்கவே விடேல்லை எண்டாயே?"

"ஓம்."

"அப்ப இதென்ன?"

"அதைத்தான் நானும் பாக்கிறன்."

விழாவுக்கு நல்ல சேலை உடுத்திப் போனாள். ஜுமானாவும் வந்து கடைசி வரிசையில் இருந்தாள். பிரதம விருந்தினர் சபையிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி. வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று முக்கால் மணித்தியாலம் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். பிறகு இராசமலரின் தோளில் பொன்னாடை போர்த்தினார்கள்; கையில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். "அம்மா இரண்டு வார்த்தை பேசுவார்," என்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டினார்.

இராசமலர் ஒலிவாங்கியை வாங்கினாள். பதினாறு வருடங்களில் அவள் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. கூட்டங்களுக்குத் தேநீர்தான் கொண்டுபோயிருக்கிறாள்.

"நான் இந்த நூலகத்துக்குத் தொண்ணூற்றிரண்டு தரம் வந்தனான்," என்றாள். கைதட்டினார்கள். "அதில ஒரு எண்பத்தெட்டுத் தரம் சைக்கிள் கொட்டகையில இருந்துதான் படிச்சனான்." அதற்கும் கைதட்டினார்கள், நிறுத்துகிற இடத்தில் தட்டவேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "ஏனெண்டா சொந்தப் புத்தகத்தோட உள்ளுக்கு இருக்க விடமாட்டினம். வாசிக்கலாம் எண்டு நினைச்சு என்ர புத்தகத்தை அன்பளிப்பாக் குடுத்தன். அது அந்தா, அந்த அலுமாரிக்குள்ள இருக்கு. எனக்குப் பரீட்சைக்கு மூண்டு கிழமைதான் இருக்கு. மணிக்கூடு வேணாம், சேர். புத்தகத்தைத் தாங்கோ."

கைதட்டல் பாதியில் நின்றது. பின்வரிசையில் ஜுமானா மட்டும் தட்டினாள். பெரிய அதிகாரி சிரித்தபடியே பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். கேட்டபின் சிரிப்பைக் குறைத்தார். ஒலிவாங்கியை வாங்கி, இந்தக் குறைபாடு உடனடியாகக் கவனிக்கப்படும், அந்தச் சைக்கிள் கொட்டகையைச் சபையே பொறுப்பேற்று அபிவிருத்தி செய்யும் என்று உறுதி கூறினார். புத்தகம்பற்றி எதுவும் சொல்லவில்லை.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு பாக்கியரத்தினம் மண்டபத்துக்குள் வந்தார். திட்டப்போகிறார் என்று இராசமலர் எதிர்பார்த்தாள். அவர் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அந்த விதியை மாத்தச் சொல்லி நான் ரெண்டு தரம் எழுதினனான், தங்கச்சி. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. ரெண்டாவதுக்கு, முதல் கடிதம் கிடைக்கேல்லை எண்டு பதில் வந்தது. அதுக்குப் பிறகு விட்டிட்டன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து, சாவிக் கொத்தோடு அலுமாரிப் பக்கம் போய், ஏதோ சரிபார்ப்பவர்போல நின்றார். "நான் தேத்தண்ணி குடிக்கப் போறன். ஒரு கால் மணித்தியாலம் ஆகும்," என்று கண்ணாடிக் கதவைப் பார்த்தே சொல்லிவிட்டு வெளியேறினார்.

அலுமாரி பூட்டப்பட்டிருக்கவில்லை.

தன் புத்தகத்தைத் தானே களவெடுக்க அவள் எவ்வளவு நேரம் யோசித்தாள் என்று பிறகு ஜுமானா பலதடவை கேட்டிருக்கிறாள். நெஞ்சு முழுக்கக் குற்ற உணர்ச்சியோடு ஐந்து நிமிடமாவது நின்றதாக இராசமலர் சொல்வாள். உண்மையில் பாக்கியரத்தினம் வாசலைத் தாண்டுவதற்குள் புத்தகம் பொன்னாடைக்குக் கீழே வந்துவிட்டது. ஆண்டின் சிறந்த வாசகர் நூலகத்துப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெரிய அதிகாரிக்கு ஒற்றைக் கையால் வணக்கம் வைத்து, கூட்டத்தின் நடுவாக வெளியே நடந்தாள்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலே நாளில் கொட்டகைக்கு 'திறந்தவெளி வாசிப்பு நிலையம்' என்று பெயர்ப்பலகை வந்தது. சபையின் நிலையம் ஆகிவிட்டதால் சபையின் விதிகளும் வந்தன. முதலாவது விதி, சொந்தப் புத்தகங்களுக்கு அனுமதி இல்லை. வாங்கு ஏட்டில் இல்லாத பொருள் என்று கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மான்கள் வராமலிருக்க ஓர் இரும்புக் கேட் போடவும் தீர்மானமாகி, அந்த வேலை சின்னராசாவின் பட்டறைக்கே வந்தது.

"நான் செய்யாட்டி வேற ஆள் செய்வான்," என்றான் அவன், மனைவியின் முகத்தைப் பார்க்காமல். வெட்டிய இரும்பின் பொறி இரண்டு நாள் வாசலில் பறந்தது.

"செய்யுங்கோ," என்றாள் இராசமலர். "நான் கிண்ணியாவுக்குப் போறன்."

கடைசி இரண்டு வாரமும் அவள் லீவு போட்டு ஜுமானாவின் வீட்டில் படித்தாள். ஜுமானாவின் தாய் மைமூனா ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். அந்தத் தெருவில் மீன்காரன் மணி அடித்தால், மைமூனா அகப்பையோடு வாசலுக்குப் போய் நிற்பார். மணி அடுத்த தெருவில்தான் மீண்டும் கேட்கும். மத்தியானத்தில் சோறும் மீன் ஆணமும் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் படிங்க, புள்ள. வெறும் வயித்தில கணக்கு ஏறாது," என்பார். அமைதி காக்கச் சொல்லி அந்த வீட்டில் பலகை எதுவும் இருக்கவில்லை.

நவம்பரில் பரீட்சை எழுதினாள். எண்தொடரில் மூன்று கேள்வி பிழைத்தது. கடிதம் எழுதுகிற கேள்வியில் மேலதிகமாக இரண்டு தாள் வாங்கினாள். அடுத்த ஏப்ரலில் பெறுபேறு வந்தது. மாவட்டத்தில் நான்காவது இடம். செய்தி கேட்ட அன்று சின்னராசா கிறைண்டரை மூன்று மணித்தியாலம் நிறுத்தி வைத்தான். ஜுமானாவுக்கும் இந்த முறை பொறியியல் பீடம் கிடைத்தது. கட்டுரையில் வாக்கியங்கள் முடியவேண்டிய இடத்தில் முடிந்தன என்று கைபேசியில் கத்தினாள்.

ஜூனில் நியமனக் கடிதம் வந்தது. கிண்ணியாவில் ஓர் அலுவலகம். அதில் அவள் பெயரை 'இராசாமலர்' என்று அடித்திருந்தார்கள். ஒரு கால் அதிகம். திருத்துவதற்கு விண்ணப்பம் மூன்று பிரதியில், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு அனுப்பவேண்டும். கடிதத்தில் உள்ளபடியே தற்போதைக்குக் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அவள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, காலை பஸ்ஸில் பாலம் கடந்து வேலைக்குப் போகத் தொடங்கினாள். பதில் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் இராசாமலர் என்ற பெண் வரவேட்டில் கையெழுத்திடுகிறாள். இராசமலர் கதிரையில் அமர்ந்து கடிதம் எழுதுகிறாள்.